சனிக்கிழமைகளில் அப்பா

ஜூன் 2, ஞாயிறு

அம்மா செருப்பை வீட்டுக்குள் கொண்டுவந்து வைக்கிறாள். வெள்ளிக்கிழமை கோர்ட்டுக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து இதைக் கவனிக்கிறேன். முதலில் மழைக்காக என்று நினைத்தேன். மழையே இல்லை. இன்று காலை என் செருப்பையும் தனுவின் சின்னச் செருப்பையும்கூட எடுத்து, பழைய பேப்பர் விரித்து, அடுப்பு மேடைக்குக் கீழே வரிசையாக வைத்தாள். இந்த லைன் வீட்டில் ஆறு வாசல். மற்ற ஐந்திலும் செருப்பு கிடக்கிறது. எங்கள் வாசல் மட்டும் ஆள் இல்லாத வீடு மாதிரி இருக்கிறது.

"ஏம்மா உள்ள வைக்கிற?"

"நாய் தூக்கிட்டுப் போயிரும்."

இந்தத் தெருவில் நான் ஒரு நாயையும் பார்த்ததில்லை.

நாங்கள் பிப்ரவரியில் தேனிப் பக்கத்திலிருந்து திருப்பூருக்கு வந்தோம். ஒரே ஒரு கட்டைப்பையுடன் வந்தோம். அம்மா விவாகரத்துக் கேட்டிருக்கிறாள். அப்பா தனுவைக் கேட்டிருக்கிறார். தனுவுக்கு ஐந்து வயது. அப்பா அம்மாவை நெருங்கக் கூடாது என்று ஏற்கெனவே ஓர் உத்தரவு இருக்கிறது. எங்கள் வீடு எங்கே என்று அவருக்குச் சொல்லவில்லை. காகிதங்களில் எல்லாம் வக்கீல் மேடத்தின் ஆபீஸ் விலாசம்தான் போட்டிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை புதிதாக ஒன்று சொன்னார்கள். வழக்கு முடியும் வரை சனிக்கிழமைதோறும் பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை, கோர்ட்டில் இருக்கிற குழந்தைகள் அறையில் அப்பா தனுவைப் பார்க்கலாம். அம்மா அந்த அறைக்குள் வரக் கூடாது. தனுவைக் கூட்டிக்கொண்டு உள்ளே போக ஓர் ஆள் வேண்டும்.

அந்த ஆள் நான்தான்.

ஜூன் 3, திங்கள்

பாக்டரியிலிருந்து இரண்டு மூட்டை பனியன் வந்தது. நூல் பிசிறு வெட்டி முடித்தேன். வலது கட்டைவிரலில் கத்திரிக்கோல் பட்ட இடம் கன்றிப்போயிருக்கிறது. தனு மூட்டையின் மேல் ஏறிக் குதிரை ஓட்டினாள்.

ஜூன் 5, புதன்

அரிசி டப்பாவில் டம்ளரை விட்டால் அடித் தகரம் சத்தம் போடுகிறது. பனியன் கம்பெனியில் அம்மாவுக்கு இன்று இரண்டு ஷிப்ட். சனிக்கிழமை சம்பளம் வந்ததும் வாங்கிக்கொள்ளலாம், அதுவரை ரவை கிண்டு என்றாள். தனு ரவையை வாயிலேயே வைத்துக்கொண்டு முழுங்க மாட்டேன் என்கிறாள்.

கட்டைப்பையில் பிறப்புச் சான்றிதழ்களோடு ரேஷன் அட்டையும் இருக்கிறது. வந்த அன்றே அம்மா, "அந்த அட்டையத் தொடாத" என்றாள். ஏன் என்று சொல்லவில்லை. ஊரை விட்டு வந்த பிறகு அம்மா எதற்கும் காரணம் சொல்வதில்லை. கேட்டாலும் வேறு ஏதாவது சொல்வாள்.

எந்த ஊர் அட்டையாக இருந்தாலும் எந்தக் கடையிலும் வாங்கலாமாம். குழாயடியில் பேசிக்கொண்டார்கள்.

ஜூன் 6, வியாழன்

அரிசி இருக்கிறது. சீனியும் இருக்கிறது. பக்கத்து வீட்டு ஷகிலா அக்கா கொடுத்தார் என்று அம்மாவிடம் சொன்னேன். அக்காவிடம் போய் அம்மா கேட்க மாட்டாள். அவளுக்கு வெட்கமாக இருக்கும்.

தனு மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாள்.

ஜூன் 8, சனி

காலையில் வாந்தி எடுத்தேன். அம்மா பார்ப்பதற்குள் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டேன்.

குழந்தைகள் அறையில் சுவரெல்லாம் முயலும் யானையும் வரைந்திருக்கிறார்கள். ஒரு பிளாஸ்டிக் சறுக்கு. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் கவுன்சிலர் மேடம் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். அவர் எங்களைப் பார்க்கலாம், ஆனால் மெதுவாகப் பேசினால் கேட்காது. உட்கார்ந்த உடனே இதைத்தான் முதலில் கவனித்தேன்.

அப்பா வெள்ளைச் சட்டை போட்டு, விபூதி பூசி, தலையைப் படிய வாரி வந்திருந்தார். தனு "அப்பா!" என்று கத்திக்கொண்டு ஓடினாள். அவள் ஓடியது எனக்குத் திக்கென்றது. ஆனால் அவளைத் தப்புச் சொல்ல முடியாது. அப்பா அவளை அடித்ததில்லை. அம்மாவை அடிக்கும்போதுகூட, "பாப்பாவ வெளிய கூட்டிட்டுப் போ" என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் அடிப்பார்.

தனுவுக்கு இளஞ்சிவப்பில் ஒரு பள்ளிக்கூடப் பை வாங்கி வந்திருந்தார். அதைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் சறுக்கில் ஏறினாள்.

"என்ன ஊமைச்சி, நல்லா இருக்கியா?" என்றார் என்னிடம். சின்ன வயதிலிருந்து என்னை அப்படித்தான் கூப்பிடுவார். சிரித்துக்கொண்டேதான் கூப்பிடுவார்.

நான் தலையை ஆட்டினேன்.

"இளைச்சுட்ட. வேலைக்கு அனுப்புறாளா உன்ன?"

நான் அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிவப்புக்கல் மோதிரத்தைக் கழற்றிவிட்டு வந்திருந்தார். விரலில் வெளுத்த வட்டம் மட்டும் இருந்தது. அம்மாவின் புருவத்துக்கு மேலே இருக்கிற தழும்பும் அந்தக் கல் அளவுதான் இருக்கும்.

"தனு எந்தப் பள்ளிக்கூடம்?"

நான் எழுந்து போய்ச் சறுக்கின் அடியில் தனுவைப் பிடித்துக்கொண்டேன். அவர் வற்புறுத்தவில்லை. பன்னிரண்டு மணிக்குத் தனுவின் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டு, கவுன்சிலர் மேடத்துக்கு இரண்டு கையாலும் வணக்கம் வைத்துவிட்டுப் போனார்.

வெளியே வேப்பமரத்தடியில் அம்மா நின்றிருந்தாள். பையைப் பார்த்தாள். வீட்டுக்கு வந்ததும் அதைத் தலைகீழாகக் கவிழ்த்து, ஒவ்வொரு ஜிப்பையும் திறந்து, தையலை எல்லாம் விரலால் தடவிப் பார்த்தாள். என்ன தேடுகிறாள் என்று கேட்டேன். "சும்மா" என்றாள்.

ஜூன் 10, திங்கள்

தனுவை ஒன்றாம் வகுப்பில் சேர்த்துவிட்டு வந்தேன். அவள் அழவில்லை. டீச்சர் என்னைப் பார்த்து, "நீ எந்தக் கிளாஸ் கண்ணு படிக்கிற?" என்றார். "படிச்சு முடிச்சுட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். நான் ஒன்பதாம் வகுப்பு அரையாண்டு வரை போனேன். புது நோட்டு வாசனை வந்தது. வேகமாக நடந்துவிட்டேன்.

ஜூன் 15, சனி

இதை எழுதலாமா என்று தெரியவில்லை. எழுதாவிட்டால் நான் எதையோ கனவில் கண்டேன் என்று நானே நம்பிவிடுவேன்.

தனு மரக்கட்டைகளை அடுக்கி வீடு கட்டிக்கொண்டிருந்தாள். அப்பா அவளுக்குக் கட்டை எடுத்துக் கொடுத்துக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் கேட்டார்.

"சீனி ரெண்டு கிலோவும் தீந்துருச்சா?"

நான் கண்ணாடித் தடுப்பைப் பார்த்தேன்; கவுன்சிலர் மேடம் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்.

"அரிசி பத்துக் கிலோதான் எடுத்திருக்க. நம்ம அட்டைக்கு இருபது உண்டு. தூக்க முடியல போல, பாவம்."

"அப்பா, கதவுக்கு ஒரு கட்ட குடு" என்றாள் தனு. கொடுத்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்து, ஏதோ போட்டோ காட்டுகிற மாதிரி என் பக்கம் நீட்டினார். ஒரு மெசேஜ். கடை எண், தேதி, அரிசி, சீனி.

"அட்டையில என் நம்பர்தான இருக்கு. யாரு எங்க வாங்குனாலும் எனக்கு வந்துரும். கடை நம்பரச் சொன்னா எந்தத் தெருன்னு சொல்ல ஆளா இல்ல?" அப்போதும் சிரித்த முகம்தான். கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பார்த்தால் மகளுக்கு ஏதோ வேடிக்கை காட்டுகிறார் என்றுதான் தோன்றும். "இது உங்கம்மா வச்ச ரேகை இல்ல. அவ விவரமானவ, அட்டையத் தொட மாட்டா. என் ஊமைச்சிதான் வச்சிருக்கா."

என் தலையில் கை வைத்துத் தடவினார்.

"பயப்படாத. உங்கம்மாகிட்ட நான் சொல்லல."

வீட்டுக்கு வந்து கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். கடையில் அந்தச் சின்னக் கண்ணாடியில் கட்டைவிரலை மூன்று தடவை வைக்கச் சொன்னார்கள். முதல் இரண்டு தடவை எடுக்கவில்லை. கத்திரிக்கோல் பிடித்துப் பிடித்து ரேகை தேய்ந்திருக்கிறது, துணியில் துடைத்துவிட்டு வை என்றார் அந்த அண்ணன். நான் நன்றாகத் துடைத்துவிட்டு வைத்தேன்.

ஜூன் 16, ஞாயிறு

அம்மாவுக்கு இன்று லீவு. தனுவுக்குப் பேன் பார்த்தாள். எனக்கும் தலை வாரிவிட்டாள். "என்னடி, கழுத்து இப்படி விறைச்சுக்கிட்டு இருக்கு?" என்றாள்.

தெருவில் பைக் சத்தம் கேட்கும்போதெல்லாம் எண்ணுகிறேன். பதினேழு.

ஜூன் 18, செவ்வாய்

பாக்டரிக்குத் திருப்பி அனுப்ப வேண்டிய மூட்டைகளை ஷகிலா அக்காவின் டிவிஎஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனோம். அக்கா ஓட்ட, நான் பின்னால் மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ரேஷன் கடைக்கு எதிரே டீக்கடை. அங்கே வெள்ளைச் சட்டை போட்டவர் ஒருவர் டீக்கடைக்காரரிடம் செல்போனைக் காட்டிக்கொண்டிருந்தார். டீக்கடைக்காரர் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, இல்லை என்று உதட்டைப் பிதுக்கினார்.

முதுகுதான் தெரிந்தது. முதுகே போதும். அந்த முதுகு கதவைத் தாழ்ப்பாள் போடும்போது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

மூட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

"என்னாச்சு கண்ணு? தூங்கிட்டியா?" என்றார் அக்கா.

"தூசிக்கா."

எங்கள் வீட்டிலிருந்து அந்த டீக்கடைக்கு இரண்டு தெரு. அவ்வளவுதான்.

ஜூன் 19, புதன்

தனுவுக்குக் காய்ச்சல் என்று பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. காய்ச்சல் இல்லை.

ஜூன் 20, வியாழன்

வக்கீல் மேடம் வரச் சொல்லியிருந்தார். பேர் எழிலரசி. இலவச சட்ட உதவியில் அம்மாவுக்குக் கிடைத்தவர். பேசும்போது பேனாவைக் கொண்டையில் செருகிக்கொண்டு, பிறகு அதை மேசை முழுக்கத் தேடுவார்.

"இந்திராணி, உன் வீட்டுக்காரர் புது மனு போட்டிருக்கார்" என்றார் அம்மாவிடம். "நீ ராத்திரி ஷிப்டுக்குப் போறியாம். மூத்த பொண்ணப் படிக்க விடாம நிறுத்தி வேலை வாங்குறியாம். சின்னவளுக்கும் இதே கதிதான்னு எழுதியிருக்கார். அதனால சின்னவள உடனே தன்கிட்டக் குடுக்கணுமாம்."

அம்மா புடவைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள்.

"ஜட்ஜ் அம்மா அடுத்த வியாழன் பிள்ளைங்கள அவங்க ரூம்ல தனியா வச்சுப் பேசப் போறாங்க. தனு சின்னப் பிள்ளை, பை குடுத்தா அப்பாம்பா, முட்டாய் குடுத்தா அம்மாம்பா. கௌசிகா சொல்றதுதான் எடுபடும்." என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, ஸ்கூல நிறுத்தினது யாரு?"

நான் மேசைக் கண்ணாடிக்குக் கீழே இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சொல்லுடி" என்றாள் அம்மா. "இவ எப்பவும் இப்படித்தாங்க மேடம். வீட்டுலயும் வாயே திறக்க மாட்டா."

"உனக்கே தெரியுமே இந்திராணி, நீயே சொல்லலாமே?"

"நான் சொன்னா நம்புவாங்களா?"

மேடம் பேனாவைத் தேட ஆரம்பித்தார்.

ஸ்கூலை நிறுத்தியது நான்தான். அதாவது, என்னால்தான் நின்றது. ஒன்பதாம் வகுப்பில் மெர்சி டீச்சர் இருந்தார். ஒருநாள் பெற்றோர் கூட்டத்துக்கு அம்மா முழுக்கை ஜாக்கெட் போட்டு வந்தாள், அதுவும் கொளுத்துகிற வெயிலில். மறுநாள் டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று கேட்டார். டீச்சரின் குரல் அவ்வளவு இதமாக இருந்தது. நான் சொல்லிவிட்டேன், எல்லாவற்றையும். டீச்சர் நல்லவர். நல்லபடியாகப் பேசிப் பார்க்கலாம் என்று அப்பாவைப் பள்ளிக்கு அழைத்தார். அப்பா வந்தார், கைகட்டிக் கேட்டுக்கொண்டார், "இனிமே பாத்துக்கிறேங்க டீச்சர்" என்றார்.

அன்று சாயங்காலம் என்னிடம், பாப்பாவை வெளியே கூட்டிக்கொண்டு போ என்றார். கோயில் வாசலில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். திரும்பி வந்தபோது அம்மாவின் இடது கை தொங்கிக்கொண்டிருந்தது. என் புத்தகங்கள் தண்ணீர்த் தொட்டிக்குள் கிடந்தன. "வாயத் திறக்கிற இடத்துக்கு இனி நீ போக வேண்டாம்" என்றார் அப்பா. என்னை ஒரு விரலால்கூடத் தொடவில்லை.

நான் பேசினால் அடி அம்மாவுக்கு விழும். எனக்குத் தெரிந்த கணக்கு இது ஒன்றுதான்.

ஜூன் 22, சனி

இன்று அப்பா நேராக விஷயத்துக்கு வந்தார். தனுவுக்குக் கலர் பென்சில் வாங்கி வந்து, தரையில் உட்கார வைத்து வரையச் சொல்லிவிட்டார்.

"வியாழக்கிழமை ஜட்ஜு உன்னக் கேப்பாங்க. நீ ஒண்ணும் பெருசா பேச வேண்டாம். உனக்குத்தான் வராதே. மூணே மூணு வார்த்தை. அம்மா ராத்திரி வேலைக்குப் போயிரும். தனு அழுவா. அப்பாகிட்டப் போகணும்னு சொல்லுவா. இதுல எது பொய்? சொல்லுத்தா."

எதுவும் பொய் இல்லை. தனு ஒருநாள் அழுதாள். அப்பா வேண்டும் என்று சொல்லியும் இருக்கிறாள்.

"தனு என்கிட்ட வந்துட்டா நீங்க எக்கேடும் கெட்டுப் போங்க. நான் வர மாட்டேன். அவ வரலைன்னா..." காலர் பட்டனைச் சரிசெய்தார். "அந்தக் கடைக்குப் பின்னாடி எத்தன லைன் வீடு இருக்கு? பதினஞ்சு இருக்குமா? தட்டிப் பாக்க ஒரு நாள் போதும். யாரு வழி காட்டுனான்னு உங்கம்மாவுக்குத் தெரிய வேண்டாமா?"

"அப்பா, இங்க பாரு" என்று தனு படத்தைத் தூக்கிக் காட்டினாள். நாலு பேர் கைகோர்த்து நின்றார்கள். எல்லோரும் ஒரே உயரம்.

"அட, அழகா இருக்கே" என்றார் அப்பா. "இதுல அக்கா எது?"

"இதான்."

"வாயே போடலையே அக்காவுக்கு."

தனு சிரித்தாள். பிறகு ஒரு வாய் வரைந்தாள்.

வெளியே வந்ததும் அம்மா இளநீர் வாங்கிக் கொடுத்தாள். நான் மூன்று வார்த்தைகளையும் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே குடித்தேன். சொல்லிவிட முடியும் போலத்தான் இருந்தது. அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது.

ஜூன் 23, ஞாயிறு

மத்தியானம் அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். "ஷகிலாவுக்கு நாமளும் ஏதாவது செய்யணும்டி. எம்புட்டு அரிசி குடுத்திருக்கா" என்றாள்.

"அக்கா குடுக்கல."

அம்மா திரும்பினாள்.

"நான்தான் வாங்குனேன். ரேஷன்ல. அட்டைய எடுத்துட்டுப் போய்."

அதன்பிறகு நிற்காமல் வந்துவிட்டது. மெசேஜ், கடை எண், டீக்கடை, வெள்ளைச் சட்டை, மூன்று வார்த்தை. சொல்லி முடித்ததும் நான் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டேன். கை தானாகவே முகத்துக்கு முன்னால் வந்துவிட்டது. அம்மா அதைப் பார்த்தாள். என் கையைப் பார்த்தபோது அவள் முகம் எப்படி ஆனது என்று எழுதத் தெரியவில்லை.

"கையக் கீழ போடு" என்றாள் மெதுவாக. "நான் அடிக்கிறவளா?"

கையைக் கீழே போட்டேன்.

"ஏன்னு சொல்லாம, தொடாதேன்னு மட்டும் சொன்னேன் பாரு, அது என் புத்தி. அவர்கிட்ட இருந்து தொத்துனது." அரிசித் தண்ணீரைச் சாய்த்து ஊற்றினாள். "அன்னைக்கு ரெண்டு பேருக்கும் ரொம்பப் பசிச்சுச்சா?"

"தனுவுக்கு."

"உனக்கு?"

நான் கீழே சிந்தியிருந்த அரிசியைப் பொறுக்கினேன்.

பிறகு அம்மா மளமளவென்று கட்டைப்பையை எடுத்துத் துணிகளைத் திணிக்க ஆரம்பித்தாள். பாதியில் நின்றாள். இப்போது ஓடினால், பிள்ளையை ஒளித்து வைத்துவிட்டாள் என்று கோர்ட்டில் சொல்வார்கள், தனு கையை விட்டுப் போய்விடுவாள் என்று தனக்குத்தானே சொன்னாள். தனுவின் சட்டை ஒன்று பாதி பைக்குள்ளும் பாதி வெளியேயும் தொங்கிக்கொண்டிருந்தது. வக்கீல் மேடத்துக்குப் போன் போட்டாள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, போனை என்னிடம் நீட்டினாள்.

"கௌசிகா, பத்துக் கிலோ, ரெண்டு கிலோன்னு அவரே அளவு சொன்னாரா? மெசேஜக் காட்டினாரா?"

"ம்."

"டீக்கடையில பாத்தது என்னைக்கு?"

"செவ்வாய்க்கிழமை."

"சரி. நீங்க வீட்ட மாத்த வேண்டாம், ஆனா அங்க படுக்காதீங்க. நான் ஸ்டேஷன்ல எழுதிக் குடுக்கிறேன். அட்டையில நம்பர மாத்தவும் ஏற்பாடு பண்றேன்." மேசையில் பேனாவைத் தேடுகிற சத்தம் கேட்டது. "ஆனா இதை ஜட்ஜ் முன்னாடி நீதான் சொல்லணும். நான் சொன்னா அது வக்கீல் பேச்சு. உங்கம்மா சொன்னா பொண்டாட்டி பேச்சு. அந்த ரூம்ல அவர் பக்கத்துல உக்காந்திருந்தது நீ."

"எனக்கு வராது மேடம்."

"இப்ப சொன்னியே?"

ஜூன் 24, திங்கள்

ஷகிலா அக்கா வீட்டில் படுக்கிறோம். அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஏங் கண்ணு, என் பேருல தர்மம் பண்ணிட்டு எனக்கே சொல்லல பாரு! அந்தப் புண்ணியம் எனக்கு வருமா, இல்ல உனக்கா?"

அம்மா சிரித்தாள். பிப்ரவரிக்குப் பிறகு அவள் சத்தமாகச் சிரித்தது இதுதான். உடனே வாயைப் பொத்திக்கொண்டு வாசலைப் பார்த்தாள்.

"சிரிங்க இந்திராணி. அந்த ஆளு வந்தா என் தோசைக்கல்லுக்கு வேலை வரும்" என்றார் அக்கா. ஆனால் உள்தாழ்ப்பாளை அவரே இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார்.

ஜூன் 25, செவ்வாய்

எங்கள் வீட்டுக் கதவில் யாரோ தட்டினார்கள். காலை பதினொரு மணி. அக்கா வீட்டு ஜன்னலிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். நான்கு தட்டு, நிறுத்தி, மறுபடி நான்கு தட்டு. தனு பள்ளிக்கூடத்தில் இருந்தாள், அம்மா கம்பெனியில். நான் அக்காவின் தையல் மெஷினுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டேன்.

சிலிண்டர்காரர். வேறு வாசலுக்கு வந்தவர்.

அவர் போன பிறகும் நான் எழுந்திருக்கவில்லை. பாவாடை நனைந்திருந்தது. துவைத்துக் காயப் போட்டுவிட்டேன்.

ஜூன் 26, புதன்

ஒன்றும் நடக்கவில்லை.

ஜூன் 27, வியாழன்

ஒன்பதரைக்கே கோர்ட்டுக்குப் போய்விட்டோம். அப்பா எங்களுக்கு முன்னால் வந்து, வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் அவர் வக்கீல். அம்மா தூண் மறைவில் நின்றாள். அப்பா அம்மாவைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்து மூன்று விரலைக் காட்டினார். பார்க்கிறவர்களுக்கு அது தலைமுடியைக் கோதுவது மாதிரி இருந்திருக்கும்.

முதலில் தனுவைக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஐந்து நிமிஷத்தில் சாக்லேட்டோடு வந்தாள். "அந்த ஆன்ட்டி என் படத்த நல்லா இருக்குன்னாங்க" என்றாள். பிறகு என் பேரைக் கூப்பிட்டார்கள். அம்மா என் முதுகில் கை வைத்தாள். தள்ளவில்லை, சும்மா வைத்தாள்.

சின்ன அறை. மேசை மேல் கட்டுக் கட்டாகக் காகிதம். ஜட்ஜ் அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "உக்காரும்மா" என்றார். எனக்குத் தண்ணீர் கொடுத்தார்.

"உன் பேரு?"

சொன்னேன். எனக்கே கேட்கவில்லை.

"வயசு?"

"பதினாறு."

"ஸ்கூல் ஏன் போகல?"

வாயைத் திறந்தேன். மறுபடி மூடிக்கொண்டேன். மெர்சி டீச்சரும் இதே மாதிரிக் குரலில்தான் கேட்டார். இதே மாதிரித்தான் தண்ணீர் கொடுத்தார். ஜட்ஜ் அம்மாவும் நல்லவராகத்தான் தெரிந்தார். அதனாலேயே பயமாக இருந்தது. நான் சொன்னால் இவரும் அப்பாவைக் கூப்பிடுவார். அப்பா கைகட்டிக் கேட்டுக்கொள்வார்.

"உங்கம்மா ராத்திரி வேலைக்குப் போறாங்களா?"

தலையை ஆட்டினேன்.

"அப்ப தங்கச்சிய யார் பாத்துக்கிறது?"

"நான்."

"அவ அழுவாளா?"

அதற்கும் தலையை ஆட்டினேன். இரண்டு வார்த்தை ஆகிவிட்டது. மூன்றாவது மட்டும் பாக்கி. அதைச் சொன்னால் அப்பா வர மாட்டார். அம்மாவின் கை தொங்காது. தனு மட்டும் போய்விடுவாள். தனு அந்த வீட்டில் வளர்வாள். அவளை வெளியே கூட்டிக்கொண்டு போக யாரும் இருக்க மாட்டார்கள்.

ஜட்ஜ் அம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"கௌசிகா, இன்னைக்கு இங்க என்ன சொல்லணும்னு யாராவது உனக்குச் சொல்லிக் குடுத்தாங்களா?"

என்னை உள்ளே விட்ட ஊழியர் கதவைச் சரியாகச் சாத்தாமல் போயிருந்தார். ஒரு சாண் இடைவெளி. அதில் வராந்தா பெஞ்சின் ஓரமும், ஒரு வெள்ளைச் சட்டைக் கையும் தெரிந்தன. அந்தக் கை அசையவில்லை. கேட்டுக்கொண்டிருந்தது.

நான் எழுந்து போய்க் கதவைச் சாத்தினேன். திரும்பி வந்து உட்கார்ந்து, "ஆமாங்க மேடம்" என்றேன்.